கறிக்குப் போடுற அளவு

“குனியச் சொல்லும் பிள்ளை, குனியச் சொல்லும்! தலையைப் பின்னால சாய்க்க விடாதையும்!”

பத்மாதேவி அன்ரி போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர் திடுக்கிட்டு ஹோர்னை அமுக்கினார். அமுக்கி என்ன செய்ய? கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நட்டநடுவில் நிற்கிறது ஆட்டோ. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு லொறி, இரண்டு பக்கமும் நோன்பு திறக்க வீட்டுக்குப் பறக்கும் மோட்டார் சைக்கிள்கள். கீழே மகாவலி ஆறு மட்டும்தான் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஷஹ்மா உம்மாவின் மூக்கை இரண்டு விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் வழுக்கியது. வீட்டில் அவசரத்தில் உருவிய துவாய் வெள்ளை நிறம் என்று இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

“உம்மா, வாய்க்குள்ள வந்தா துப்புங்க. விழுங்க வேணாம்.”

கைரியா துப்பினார். மறுபடி வாயை இறுக மூடிக்கொண்டார். கண்கள் மட்டும் மகளைப் பார்த்து எதையோ கேட்டன. பதினாறு வருடமாக அந்தக் கண்ணோடு பேசிப் பழகியவளுக்கு விளங்காமலா போகும்? ரத்தம் தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறிந்துவிடுமோ என்ற கேள்விதான் அது. உயிர் போகிற நேரத்திலும் உம்மாவுக்கு அந்தக் கணக்கு.

“அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்களேன் தங்கச்சி,” என்றார் ஆட்டோக்காரர், கண்ணாடியில் பார்த்தபடி. “மயங்கி விழுந்துறப் போறாங்க.”

“நோம்பு அங்கிள்.”

“இந்த நெலமயிலயுமா?”

கைரியா ஒரு கையை உயர்த்தி ஆட்டினார். ஆமாம், இந்த நிலைமையிலும்தான்.

“எட கடவுளே,” என்று பத்மாதேவி அன்ரி தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இந்தப் பிடிவாதத்தில பாதி உம்மட மனிசனிட்ட இருந்திருந்தா, அந்தாள் போனையாவது எடுத்திருப்பார். நாலுதரம் அடிச்சாச்சு!”

ஷஹ்மாவின் மற்றக் கையில் அவளுடைய போன் இருந்தது. வாப்பாவுக்கு எடுத்து முடிந்த பிறகும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை. உம்மா தினமும் விழுங்கும் மருந்துக் குளிசையின் பெயரைக் கட்டை விரலால் தேடலில் தட்டினாள். பக்கத்தில் ‘மஞ்சள்’ என்று போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பதில் வந்தது. சேர்த்துச் சாப்பிடக் கூடாது, ரத்தப்போக்கு வரலாம்.

இஞ்சி என்று போட்டாள். அதே பதில்.

வெள்ளைப்பூடு என்று போட்டாள். அதே பதில். எழுத்து கூட மாறவில்லை.

திரையில் அவள் விரலில் இருந்த உம்மாவின் ரத்தம் பூசியிருந்தது. போனைக் கவிழ்த்துத் தொடைக்கடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். ஏதோ அது வாய் திறந்து கத்திவிடும் என்பதுபோல.

“ஆருக்கு மெசேஜ் போட்டனீர்?” என்றார் பத்மாதேவி அன்ரி.

“வாப்பாக்கு.”

பஸ் நகர்ந்தது. ஆட்டோ அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடியது.

*

போன கிழமை இந்தக் குடும்பத்தை நாம் விட்டுவந்தபோது, கைரியா தரையில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். அவருடைய கணவர் மக்கீன் கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கடையையும் மறந்து, வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சந்தோஷ அழுகை.

ஏன் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். கைரியாவுக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி, வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் ஒரு குளிசை. மாதம் ஒருமுறை கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை.

நெஞ்சு அடங்கியதும் முழங்கால் தலை தூக்கியது. வீங்கிச் சிவந்து, படியிறங்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது. ஊரில் எல்லோரும் விழுங்குகிற நோவுக் குளிசையை விழுங்கலாமென்றால், அந்த ரத்தக் குளிசையோடு அது கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். சும்மா ஒரு பனடோலைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தார் கைரியா.

வலியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது கதிரை.

மூன்று நோன்புகாலம் அவர் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுதார். பள்ளியில் பெண்கள் பகுதியில் கதிரைகளைக் கடைசி வரிசையில், செருப்புகள் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். எல்லோரும் ஒன்றாகத் தரைக்குப் போகும்போது அவர் மட்டும் உட்கார்ந்தபடி லேசாகக் குனிவார். வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார். அன்றைக்கு மட்டும் கறியில் உப்புக் கூடியிருக்கும்.

ஷஹ்மா ஓ-லெவல் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். கையில் போன், தலையில் வேறு வேலையில்லை. முட்டு வீக்கத்துக்கு என்ன சாப்பிடலாம் என்று தேடியவளுக்கு வீடியோக்கள் வந்து கொட்டின. மஞ்சள், இஞ்சி, வெள்ளைப்பூடு, மிளகு. எல்லாம் அவர்கள் வீட்டுக் குசினியில் இருக்கிறவை. பயப்பட அதில் என்ன இருக்கிறது?

பக்கத்து வீட்டுப் பத்மாதேவி அன்ரியின் வளவில் பச்சை மஞ்சள் கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கச்சேரி அலுவலக வேலைக்கு மாற்றலாகி வந்து, இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். கேட்டதும் கிண்டிக் கொடுத்தார். ஷஹ்மா எல்லாவற்றையும் அம்மியில் வைத்து அரைத்து, தேனில் குழைத்து, ஒரு ஜாடியில் அடைத்தாள். தலைநோன்பிலிருந்து நோன்பு திறக்கும் கஞ்சியில் உம்மாவுக்கு ஒரு கரண்டி. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டிலும் ஒரு கரண்டி.

வீக்கம் இறங்கியது. பொய்யில்லை, கண் முன்னால் இறங்கியது. முதலில் படி. பிறகு சப்பாணி கட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தது. பிறகு ஒருநாள் லுஹர் தொழுகையில் கதிரையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கைரியா தரைக்குப் போனார். நெற்றி பாயில் பட்டது. எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்து அழுதார்.

அன்றைக்கே மக்கீன் தன்னுடைய பிளாஸ்டிக் சாமான் கடையில் நின்றுகொண்டு பஸாருக்கே அறிவித்துவிட்டார்: “எங்கட ஊட்ட ஒரு டொக்டர் ஈக்கி. பேரு ஷஹ்மா. ஃபீஸ் எடுக்கிறல்ல!”

அதோடு விட்டிருக்கலாம்.

“கொஞ்சம் கூடப் போடேன் மகள்,” என்றார் உம்மா. “பெருநாள் தொழுகைய முன் வரிசையில நிண்டு தொழணும்.”

கூடப் போட்டாள். கரண்டி அகப்பையானது. அம்மியில் வைக்கும்போது அளவு பார்ப்பதை விட்டாள். கை நிறைய அள்ளினாள். நல்லது கூடினால் இன்னும் நல்லதுதானே?

இரண்டு நாளைக்கு முன்னால் உம்மாவின் மேல்கையில் நீலமாக ஒரு திட்டுக் கண்டாள்.

“என்ன உம்மா இது?”

“தேங்கா துருவெக்க இடிச்சிருப்பேன்.”

துருவுபலகை மேல்கையில் எப்படி இடிக்கும் என்று ஷஹ்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால்? அந்தக் ‘கேட்டிருந்தால்’ இப்போது ஆட்டோவோடு கூடவே ஓடி வந்துகொண்டிருந்தது.

*

ஆஸ்பத்திரியில் உம்மாவைத் தள்ளுகட்டிலில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். மூக்குக்குள் துணிநாடாவைத் திணித்தார்கள். கையில் ஊசி ஏற்றி ரத்தம் எடுத்தார்கள். எடுத்த இடத்திலும் ரத்தம் நிற்காமல் கசிந்தது. தாதி அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஷஹ்மா இருந்தாள், எழும்பினாள், திரும்ப இருந்தாள். கையைக் கழுவப் போனாள். கழுவியும் விரல் நுனிகளில் நிறம் போகவில்லை. சிவப்புப் போய்விட்டது. மஞ்சள்தான் போகவில்லை. எத்தனை நாளாக அரைத்த கை அது. முக்காட்டின் மடிப்புக்குள் கையை மறைத்துக்கொண்டாள்.

“அன்ரி,” என்றாள் மெதுவாக. “நாங்க உம்மாக்குக் குடுத்தோமே, அது... அந்தக் குளிசையோட கூடாதாம். போன்ல போட்டீக்கி.”

பத்மாதேவி அன்ரி அவளைப் பார்த்தார். பிறகு அவள் நீட்டிய போனைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பவும் போட்டார்.

“இதில எல்லாந்தான் போடுவாங்கள். கத்தரிக்காயும் கூடாது எண்டு போடுவாங்கள்.”

“எண்டாலும் டொக்டருட்ட சொல்லணும் தானே?”

“சொல்லும், சொல்லும்.” அன்ரி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஆனா பிள்ளை, மஞ்சள் என்ர வளவில கிண்டினது எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். நான் கவர்மெண்ட் உத்தியோகம் பாக்கிறன். நாளைக்கு ஏதும் விசாரணை கிசாரணை எண்டு வந்தா...”

“மஞ்சளுக்கு விசாரணையா அன்ரி?”

“உமக்கென்ன தெரியும்? நான் கச்சேரியில பாத்த விசாரணையள் எல்லாம் இதைவிடச் சின்ன விசயத்துக்கு.”

வேறு நேரமாயிருந்தால் ஷஹ்மா சிரித்திருப்பாள். பாவம், அன்ரிக்கும் பயம். அவர் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அந்நேரம் மக்கீன் ஓடி வந்தார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், மற்றக் கையில் பேரீச்சம்பழப் பெட்டி. போன் கடைக் கல்லாப்பெட்டிக்குள் கிடந்து அடித்ததாம்.

“எங்க? எங்க உம்மா?”

உள்ளே போனார்கள். கைரியா மூக்கில் துணியோடு, வாயால் மூச்சு விட்டபடி படுத்திருந்தார். மனைவியின் பெயரை மக்கீன் அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். பஸாரில் மூன்று கடைக்குக் கேட்கப் பேசுகிற மனிதர்.

அவருடைய சட்டைப் பையிலிருந்த போனில் பாங்கு சொன்னது.

“கைரியா, வக்து வந்திட்டு.” பேரீச்சம்பழத்தைக் கிள்ளிக் கொட்டையை எடுத்தார். தாதியைப் பார்த்தார். தாதி சரியென்று தலையாட்டினார். “இந்தா, தொற. இன்டைய நோம்ப ஒன்னட்ட இருந்து ஆரும் பறிக்கல்ல.”

கைரியா அந்தத் துண்டை வாயில் வாங்கிக்கொண்டார். கண் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு டொக்டர் வந்தார். இளம் பெண். பெயர்ப்பட்டியில் கஜாலினி என்று இருந்தது.

“ரத்தம் நல்லா இளகிப்போச்சு அம்மா,” என்றார். “இருக்க வேண்டியதை விட மிச்சம் கூட. வேற மருந்து ஏதாவது எடுத்தனீங்களா? நோவுக் குளிசை?”

“இல்ல டொக்டர்,” என்றார் மக்கீன். “அதெல்லாம் தொடவே மாட்டா.”

“ஆயுர்வேதம்? கசாயம்?”

“இல்ல, இல்ல. வெளி மருந்து ஒண்டுமே இல்ல. ஊட்டுச் சாப்பாடு மட்டும்தான்.”

மக்கீன் பொய் சொல்லவில்லை. ஜாடி அவருக்குத் தெரியும். அதைப் பற்றிப் பஸார் முழுக்கப் பீற்றியதும் அவர்தான். ஆனால் மஞ்சளும் இஞ்சியும் மருந்தென்று அவர் மனதில் எப்படி வரும்? அது சாப்பாடு. அவருடைய உம்மா சமைத்தது, மனைவி சமைப்பது. மருந்து என்பது குளிசை, போத்தல், சீட்டு. கஞ்சியில் விழுவது மருந்தாகுமா?

ஆகும் என்று ஷஹ்மாவுக்குத் தெரியும். பத்மாதேவி அன்ரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொல்லு, சொல்லு என்றது உள்ளே. வாய் திறந்தாள். வாப்பாவின் முகம் பக்கத்திலேயே இருந்தது. எங்கட ஊட்ட ஒரு டொக்டர் ஈக்கி. வாயை மூடிக்கொண்டாள்.

“அப்ப ஏன் இப்பிடிக் கூடினது எண்டு விளங்கேல்லை,” என்றார் டொக்டர். “நான் நேர சொல்லுறன், கேளுங்கோ. இப்ப இதை முறிக்க ஊசி ஒண்டு போடவேணும். கூடப் போட்டா ரத்தம் கட்டிப்பட்டு, இவவின்ர வால்வை அடைச்சுப்போடும். குறையப் போட்டா ரத்தம் நிக்காது. மூக்கில வாறது கண்ணுக்குத் தெரியுது. தலைக்குள்ள வந்தா தெரியாது. என்ன காரணத்தால கூடினது எண்டு தெரிஞ்சாத்தான் நான் சரியா யோசிக்கலாம்.”

சொல்லிவிட்டு டொக்டர் திரும்பி நடந்தார். ரப்பர்ச் செருப்பு கிறீச்சிட்டது.

தலைக்குள் வந்தால் தெரியாது.

ஷஹ்மா எப்போது நடக்கத் தொடங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. “மகள், எங்க போற?” என்று வாப்பா கேட்டது முதுகில் விழுந்தது. ஓடிப்போய் டொக்டரின் முன்னால் நின்றாள். பேச்சுக்கு முன்னால் கை நீண்டது. பத்து விரலும் விரிந்து, மஞ்சள் நிறத்தில்.

“நான்தான் குடுத்த டொக்டர். மஞ்சள். இஞ்சி. வெள்ளைப்பூடு, மிளகு. தேன்ல போட்டு. தலநோம்புல இருந்து. முழங்கால் நோவுக்கு. சாப்பாடு தானே எண்டு நெனச்ச. எனக்குத் தெரியா. சத்தியமா எனக்குத் தெரியா.”

வழியில் போன ஒரு சிற்றூழியர் தள்ளுவண்டியோடு நின்று பார்த்தார்.

டொக்டர் திட்டவில்லை. அவள் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு வந்தார். “நல்லது, சொன்னது நல்லது. எவ்வளவு குடுத்தனீர்?”

“முதல்ல ஒரு கரண்டி. பொறகு... பொறகு அளக்கல்ல.”

“ஒரு நாளைக்கு?”

“தெரியா.” அழுகை வந்துவிட்டது. “கையால அள்ளினேன்.”

வாப்பா பின்னாலேயே வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“அது மருந்தா?” என்றார் மக்கீன். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. “மஞ்சள் மருந்தா டொக்டர்? நாங்க மீனுக்குப் பூசுறோமே!”

“மீனுக்குப் பூசுறது பரவாயில்லை ஐயா. கறிக்குப் போடுற அளவு பரவாயில்லை. அம்மியில அரைச்சு அகப்பையால குடுத்தா அது வேற. அதுக்கும் ரத்தத்தை இளக்கிற குணம் இருக்கு. ஏற்கெனவே இளக்கிற குளிசையோட அது சேர்ந்தா...” டொக்டர் நிறுத்தினார். “ஆனா இது மட்டுந்தான் காரணம் எண்டும் நான் சொல்லேலாது. நோன்பில சாப்பாடு மாறும், குளிசை எடுக்கிற நேரம் மாறும். இப்பிடி மெல்ல மெல்லக் கூடினா மாதாந்தப் பரிசோதனையில பிடிச்சிருப்பினமே. போன கிளினிக்கில என்ன சொன்னவை?”

“எல்லாம் சரியா ஈக்கி எண்டாங்க.” மக்கீன் உடனே சொன்னார். “நான்தான் வண்டியில கொண்டுபோய் ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால எறக்கி உட்ட.”

மூவரும் கட்டிலுக்குத் திரும்பினார்கள்.

“கைரியா, போன கிளினிக்குல சரியா ஈக்கி எண்டுதானே சொன்னாங்க?”

கைரியா கண்ணை மூடிக்கொண்டார்.

“கைரியா?”

“போகல்ல.” மூக்கடைத்த குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. “கேட்டுக்குள்ள போகல்ல.”

“நான் எறக்கி உட்டேனே!”

“நீங்க திரும்பினதும் நான் பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துட்ட.”

மக்கீன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நான் அண்டைக்குக் கடைக்குப் போற வழி முழுக்க ஒனக்கு துஆ கேட்டுக்கொண்டு போன மனுசன். நீ பஸ்ஸுல என்ட பின்னால வந்தீக்கி?”

“ரத்தம் எடுத்தா நோம்பு முறிஞ்சிரும் எண்டு பயம். பெருநாளுக்குப் பொறகு போவோம் எண்டு நெனச்ச.”

“மௌலவிட்ட ஒரு வார்த்த கேட்டீக்கலாமே!”

“கேட்டா போகச் சொல்லுவாரே.”

டொக்டரின் உதட்டில் சிரிப்போ வேறெதுவோ வந்து மறைந்தது. கைரியாவுக்கு மூச்சு வாங்கியது. இருந்தாலும் சொல்லி முடித்தார்.

“முறியாது எண்டு அவர் சொல்லிருவார். பொறகு கிளினிக்குல போய் நிண்டா, இந்த முறை நோம்பு வேணாம் எண்டு அவங்க சொல்லிருவாங்க. முழங்கால் இப்பத்தான் மடிஞ்சிச்சு. மூணு வருசத்துக்குப் பொறகு. அத ஒருத்தரும் தொட்டுர வேணாம் எண்டு நெனச்ச.”

மக்கீன் வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் போவதும் வருவதும் தெரிந்தது. இரண்டு தரம் போனார், இரண்டு தரம் வந்தார். மூன்றாம் தரம் உள்ளே வந்து, மகளிடம் பேரீச்சம்பழப் பெட்டியை நீட்டினார்.

“நீயும் இன்னும் நோம்பு தொறக்கல்ல.”

“பசிக்கல்ல வாப்பா.”

“தொற.” பெட்டியை அவள் கையில் திணித்தார். “ஒன்ன நான் ஏசுறல்ல. ஏசினா என்னையும் சேத்துத்தான் ஏசணும். பஸாருக்கே சொல்லிட்டேன். எத்தன பேர் செய்ற வெதம் கேட்டுட்டுப் போனாங்க எண்டு எனக்கே ஞாபகமில்ல. யா அல்லாஹ், அதுல ஆருக்கு என்ன நோய் வருத்தம் ஈக்கோ.”

அதை ஷஹ்மா யோசிக்கவே இல்லை. வாயில் வைத்த பழம் அப்படியே நின்றது.

*

ஊசி போட்டார்கள். உம்மாவை வார்ட்டுக்கு மாற்றினார்கள். பின்னேரத்திலிருந்து இரண்டாம் தரமாக ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ரத்தத்தின் இளக்கம் அளவோடு இறங்குகிறதா, அளவுக்கு மீறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் எடுப்போம் என்று சொன்னார்கள்.

மக்கீன் மாற்று உடுப்பு எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினார். போகிற வழியில் பஸாரில் இறங்கி, யார் யாருக்குச் சொன்னாரோ அவர்களைத் தேட வேண்டும் என்றார். பத்மாதேவி அன்ரி அவரோடு கிளம்பினார். போகும்போது ஷஹ்மாவின் தோளைத் தொட்டு, “நான் போய் அந்த மஞ்சள் பாத்தியை மூடி வைக்கிறன்,” என்றார். எதற்கு மூடுகிறார் என்று அவருக்கும் விளங்கியிருக்காது. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்திருக்கும்.

ஷஹ்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்கார ஒரு கதிரை இருந்தது. அவள் உட்காரவில்லை.

உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சட்டைக் கை மேலேறிய இடத்தில் நீலத் திட்டு இப்போது பெரிதாக, ஓரம் பச்சையாகத் தெரிந்தது. இன்னொன்றும் இருந்தது. அதற்கப்பால் இன்னொன்று. உம்மா எல்லாவற்றையும் சட்டைக் கைக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்.

“எனக்குக் காட்டீக்கலாமே உம்மா.”

“காட்டினா நீ நிப்பாட்டிருவாய்.”

“நிப்பாட்டத்தானே வேணும்!”

“அதான் காட்டல்ல.”

“மௌத்தாப் போயிருப்பீங்க உம்மா! உங்களுக்கு விளங்குதா? என்ட கையால!” சொல்லிவிட்டுப் பயந்துபோனாள். அடுத்த கட்டிலிலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

கைரியா மகளின் மஞ்சள் விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மூக்குத் துணியில் ஒரு புதிய சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஷஹ்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாகிறதா? இல்லை. பெரிதாகவில்லை. ஆகிறதா?

“நீ ஒண்டும் செய்யல்ல மகள். நீ எனக்குத் தந்தத ஒரு குளிசையும் தரல்ல. தரையில நெத்தி வெக்கெக்க, ரத்தம் எல்லாம் தலைக்கு வாற மாதிரி ஒரு எளக்கம் வரும். ஒனக்கு அது விளங்காது. ஒனக்கு முழங்கால் நோகல்ல.”

“பேச வேணாம் உம்மா. டொக்டர் பேச வேணாம் எண்டாங்க.”

“ஒண்டே ஒண்டு.”

“என்ன?”

“அந்த டொக்டர் புள்ள என்னமோ சொன்னாவே. கறிக்குப் போடுற அளவு பரவாயில்ல எண்டு.”

“ஓ. அது பரவாயில்லயாம். அதுக்கு மேல கூடாது.”

கைரியா போர்வைக்குள் காலை மெதுவாக மடிக்கப் பார்த்தார். பாதி வரைக்கும் வந்தது. முகத்தைச் சுளித்தார். மறுபடி நீட்டிக்கொண்டார். காலையில் முழுவதும் மடிந்த கால்தான் அது. படுத்த களைப்பா, நோவு திரும்பி வருகிறதா, ஷஹ்மாவுக்குத் தெரியவில்லை.

தூரத்தில் தாதி ரத்தம் எடுக்கிற தட்டோடு இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

உம்மா அவள் விரல்களை விடவில்லை.

“சொல்லேன் மகள். கறிக்குப் போடுற அளவுல என்ட முழங்கால் மடியுமா?”